வயிறு வைத்த திரை

வண்டி புதுசு. நான் அதைவிடப் புதுசு.
ஒன்பது வருஷம் தார்ப்பாய் லாரி,
பாரத்தின் மேல் ஏறி நின்று
முட்டி தேயக் கயிறிழுத்தவன்.
இதில் ஏற ஒன்றுமில்லை.
பக்கத்துக்கு இருபத்தாறு கொக்கி,
பின்மூலையில் பல்சக்கரம்,
இழுத்தால் ஒதுங்கும் நீலத்திரை.
கூத்து தொடங்கப் போகிற மாதிரி.

பின்கதவின் உட்புறம்
எனக்கு முன் ஓட்டியவன் மார்க்கரில் எழுதியிருந்தான்:
“திரை சுவர் அள்ள.”
எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தேன்.
சிரித்ததோடு சரி.

ராணிப்பேட்டை சிப்காட். ஆடி மாசம். மாலை ஆறேகால்.
நீர் சொட்டும் நீலத்தோல், பதினாறு பேலட், ஆம்பூருக்கு.
ஒதுக்கிக் கட்டாத திரை
காற்றில் எழுந்து
ஒரு கொக்கியால் என் புருவத்தைத் தொட்டுப் போனது.
ரத்தத்தைத் துடைத்தபடி பெல்ட் போட்டேன்.
எட்டு. ராட்செட் கடகடவென்று கடித்தது.
“இதை ஒரு சாண் தள்ளி வைக்கணும்,
நாலாவதை அவுருங்கண்ணா” என்றான்
ஃபோர்க்லிப்ட் ஜபருல்லா.
அவிழ்த்தேன்.
தள்ளி வைத்தான்.
டீ வந்தது.

வாலாஜா தாண்டி ஒருமுறை
இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.
பத்துப் பதினைந்து கிலோமீட்டரில்
சரக்கு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்,
பெல்ட் தொங்கிப்போகும்.
தெரியும்.
பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டேன்.

பள்ளிகொண்டா டோல்கேட் வெளிச்சத்தில்
இடப்பக்கக் கண்ணாடி சொன்னது:
திரைக்கு வயிறு வைத்திருக்கிறது.

ஓரங்கட்டினேன். கொக்கியில் கை போய்விட்டது.
ஒன்பது வருஷப் பழக்கம்,
எதுவானாலும் முதலில் அவிழ்த்துப் பார்க்கும் கை.
இன்னொரு கையைத் துணியின் மேல் வைத்தேன்.
சில்லென்றிருந்தது.
அந்தப் பக்கம் ஒரு டன்
என் உள்ளங்கையில் தோள் சாய்த்து நின்றது.
நான் அதைத் தாங்கவில்லை. துணியும் தாங்கவில்லை.
இன்னும் விழவில்லை, அவ்வளவுதான்.

கையை எடுத்தேன்.
குழந்தையைத் தொட்டிலில் விட்டு எடுப்பது போல.

வலப்பக்கம் போய்த் திறந்தேன்.
நாலாவது பெல்ட்
யாரோ மறந்துவிட்டுப் போன இடுப்புக்கயிறு மாதிரி கிடந்தது.
யாரோ இல்லை.

ஆபீசுக்குப் போன் போட்டேன்.
“முப்பது கிலோமீட்டர்தானே கோதண்டம்,
மெல்ல உருட்டிக்கினு வந்துடு.”
“வராது சார்.”
“இன்னா வராது?”
“நான் வர மாட்டேன் சார்.”
சம்பளம் வாங்கும் வாயிலிருந்து
அப்படியொரு வாக்கியம் வருமென்று
எனக்கே தெரியாது.

ராத்திரி முழுக்க இடப்பக்கத்துக்குக் காவல்.
சக்கரத்தடியில் படுத்த நாயை நாலு தரம் விரட்டினேன்.
பைக்கை நிறுத்திவிட்டு
ஜிப்பில் கை வைத்தபடி வந்தவரிடம்
“அவசரம்னா அந்தப் பக்கம் போங்க” என்றேன்.
பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தார்.
பாலாற்று மணலிலிருந்து காற்று வரும்போதெல்லாம்
திரை மூச்சை இழுத்தது.
கூடவே நானும்.

தெய்வானை கூப்பிட்டாள். வரலையா என்றாள்.
கஸ்பாவில் எங்களுக்கு ஒரே அறை.
நடுவில் கொடியில் ஒரு பச்சைப் புடவை.
அந்தப் பக்கம் தம்பியும் அவன் புதுப் பெண்டாட்டியும்.
மூன்று மாசமாக
அந்தப் புடவையைச் சுவரென்று நினைத்திருந்தேன்.
நாலு பேரும் சாயாமல் படுத்துக்கொள்வதால்
அது நிற்கிறது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
“கதவைத் தாழ் போட்டுக்க” என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தரைக்கு ஆம்பூரிலிருந்து
ஒரு ஃபோர்க்லிப்ட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.
வெளியிலிருந்தே அதன் முட்டு
வயிற்றில் பதிந்து அணை கொடுத்த பிறகுதான்
முதல் கொக்கியைத் தட்டினேன்.
ஒவ்வொன்றாக. ஓரத்தில் நின்று. முகத்தை விலக்கி.
திரை விலகியது. எதுவும் விழவில்லை.
வந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.
“இதுக்கா இவ்ளோ நேரம்?”

பேலட் நகர்ந்த பலகையில்
தோல்நீர் ஒரு நீலக்கோடு இழுத்திருந்தது.
விரலால் அளந்தேன்.
ஒரு சாண், நாலு விரல்.
பேலட்டைத் தள்ளி அதே இடத்தில் வைத்ததும்
கோடு அடியில் மறைந்தது.

எட்டு பெல்ட். எண்ணினேன்.
வேலூர் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.
மறுபடி எண்ணினேன்.