இருபத்தொரு எழுத்து

த்ரெபோனில் அக்டோபர்.
குளங்களைத் திறந்துவிட்டார்கள்.
இடுப்புவரை ரப்பர் மாட்டிய ஆட்கள்
சேற்றில் நின்று கெண்டைகளை வாரி எடுக்கிறார்கள்.
பழைய மாவு ஆலைக்குள் எங்கள் ஆய்வகம்.
ஜன்னலைச் சாத்தினாலும் மீன்வாடை
குடுவைகளின் கழுத்துவரை வருகிறது.

நான் பிடிக்க வேண்டியது இன்னும் சிறியது.
ஒரே செல். இரண்டு சாட்டைவால்.
பச்சை உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியாய் ஒரு கண்.
விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும்
பந்திக்கு முந்துகிறவர்கள்போல்
முண்டியடித்து அந்தப் பக்கம் நீந்தும்.
கால் மணி நேரத்தில்
தட்டின் வெளிச்ச விளிம்பில் பச்சைப் பிறை.

அந்தக் கண்ணை மூட வேண்டும்.
பிடுங்கக் கூடாது.
மரபணு இருந்த இடத்தில் இருக்கட்டும்
ஓர் எழுத்தும் பிசகாமல்.
அங்கிருந்து புறப்படும் தூது மட்டும்
போய்ச் சேரக் கூடாது.

அதற்குத்தான் இந்தச் சிறிய ஆர்.என்.ஏ.
உயிரென்றும் மெய்யென்றும் பிரிவில்லாத
நான்கே எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கிய
இருபத்தொரு எழுத்து.
தூதின் ஒரு வரிக்கு நேர் எதிர்வரி.
கொண்டை ஊசிபோல் மடங்கும்படி எழுதி உள்ளே அனுப்பினால்
பாசியே அதை நறுக்கி
பாசியின் ஆளிடமே கொடுக்கும்.
ஆர்கோநாட் என்று அந்த ஆளுக்குப் பெயர்.
கையில் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு
வருகிற தூதையெல்லாம் தடவிப் பார்க்கும்.
வரி பொருந்தினால், வெட்டு.
பொருந்தாவிட்டால், போகலாம்.

வெளியாள் யாரும் இல்லை, கவனியுங்கள்.
கத்தி வீட்டுக் கத்தி.
நான் கொடுத்தது சீட்டு.

அம்மா பில்சன் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள்,
எழுபத்தைந்திலிருந்து எண்பத்தொன்பதுவரை,
பின்கட்டில், எண் போடாத ஓர் அறையில்.
நாள் முழுக்க ஒரு கெட்டில் கொதிக்கும் என்று
ஒருமுறை வாய்தவறிச் சொன்னாள்.
தேநீருக்கா என்று கேட்டேன். எனக்கு ஒன்பது வயது.
"தேநீருக்கும்" என்றாள்.
இன்றும் அவள் கடித உறையை எச்சில் தொட்டு ஒட்டுவதில்லை.
டேப் சுற்றுவாள். இரண்டு சுற்று.

மார்ச்சில் பலித்தது.
மருந்துத் தட்டில் பிழைத்த நாற்பதில்
ஏழாவது கூட்டம் விளக்கைச் சட்டை செய்யவில்லை.
ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு,
அது பாட்டுக்குத் தட்டு முழுக்க
ஒரே பச்சையாய்ப் பரவிக் கிடந்தது.
ஓல்த்ரிக் பிளம் சாராயத்தை
அளவுக் குழாயில் ஊற்றி நீட்டினான்.
ஐந்து மில்லி. அவனுக்குப் பத்து.
"குருடாக்கிவிட்டாய், வெந்துலா" என்றான்.
பாராட்டுத்தான்.

கோடை முழுக்க, பதினைந்து நாளுக்கு ஒருமுறை
ஏழைப் புதுக் குடுவைக்கு மாற்றினேன், மருந்தில்லாமல்.
ஆகஸ்டில் ஒன்றுமில்லை.
செப்டம்பரில் தட்டின் ஓரம் சற்றே அழுக்காய்.
என் கைரேகை என்று துடைத்தேன்.
வெளியே துடைத்தேன். போகவில்லை.

இன்று பிறை.

"சகஜம்" என்றான் ஓல்த்ரிக், சூப்பை ஊதிக்கொண்டே.
"நாம் செருகியதை அது மோப்பம் பிடித்துவிட்டது.
வாயைக் கட்ட வந்ததன் வாயைக் கட்டிவிட்டது.
கொட்டிவிட்டு வேறு வரி எடு.
டிசம்பரில் அறிக்கை."

அவன் சொல்வது சரி.
வேறு வரி பார்த்தும் வைத்துவிட்டேன்,
முந்நூற்றுப் பத்தாவது எழுத்திலிருந்து.
அது நன்றாகவே பிடிக்கும்.

குளத்தங்கரையில் லாரிகள் கிளம்பின.
ஆய்வகத்தில் நான் மட்டும்.
விளக்கை வலப்பக்கம் வைத்தேன்.
வந்தன.
சோதித்துப் பார்க்க வேண்டாமா,
இடப்பக்கம் மாற்றினேன்.
பதினான்கு நிமிடம். எல்லாம் திரும்பி வந்தன.
நோட்டில் எழுதினேன்: ஏழு, அடக்கம் தளர்ந்தது, இருமுறை சரிபார்த்தேன்.

பிறகு விளக்கைத் தூக்கி
மறுபடி வலப்பக்கம் வைத்தேன்.
அது எதற்கென்று எழுதவில்லை.