கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடம்

ஓட்டத்தை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தேன்.
ஓடர் நதிக்கரையில் வாரம் நாற்பது கிலோமீட்டர்.
முடிந்ததும் கைக்கடிகாரத்தை நிறுத்துவேன்,
வியர்வை காயுமுன் சீருடைக்குள் நுழைவேன்,
டிராமில் ஏறி எட்டு மணி நேரம்
உட்கார்ந்துவிடுவேன்.
காலை நீட்டி மடக்குவதெல்லாம்
நேரம் மிச்சமிருப்பவர்கள் வேலை.

டிசம்பர் இருபத்திரண்டு.
பண்டிகைக்கு வாங்கிய கெண்டை மீன்
குளியல் தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது.
ரொட்டித் துணுக்கு போடக் குனிந்தேன்.
பனியில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியபோது வராதது
அப்போது வந்தது:
கெண்டைக்காலுக்குள் இன்னொன்று துள்ளியது.
தொட்டி விளிம்பைப் பிடித்தபடி நானும்
தண்ணீருக்குள் அதுவும்
ஒருவரையொருவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டோம்.

ஐந்து வாரம் நொண்டினேன்.
"போகுமிவா தடம் புரண்டுவிட்டாள்" என்று
பணிமனையில் ராடெக் சொல்லித் திரிந்தான்.

இப்போது,
பிஸ்குபின் வளையத்தில் வண்டி திரும்பி நின்றதும்
ஏழு நிமிடம் என்னுடையது.
ஒரு காலத்தில் அது சிகரெட்டுக்கு,
பிறகு கைப்பேசிக்கு.
படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி
குதிகாலைக் கீழே விடுகிறேன்.
முப்பது எண்ணும்வரை. குலுக்காமல்.
பத்தில் தசை முடியாது என்கிறது.
பதினெட்டில் பேரம் பேசுகிறது.
இருபத்தைந்து தாண்டியதும்
கடுகளவு விட்டுக்கொடுக்கிறது.
அந்தக் கடுகுக்காகத்தான்
நாளைக்கும் வருவேன்.

"வண்டி பழுதா?" என்றாள்
நாயோடு காத்திருந்த செசிலியா.
"வண்டி நன்றாக இருக்கிறது. ஓட்டுகிறவள்தான்."
பெஞ்சடியில் படுத்திருந்த நாய் எழுந்து
முன்னங்கால் இரண்டையும் நீட்டி
முதுகைப் பள்ளமாக்கி
ஒரு கொட்டாவியோடு முடித்துக்கொண்டது.
மூன்று நொடி.
எனக்கு அதற்கு நாற்பத்தாறு வருடம் பிடித்தது.

பிப்ரவரிக் கடைசியில் ஓட்டம் திரும்பி வந்தது,
மெதுவாக, விருந்தாளி மாதிரி.

மார்ச்சில் புதுக் கால அட்டவணையும் வந்தது.
ஏழு நிமிடம் நான்காகிவிட்டது.
வலது காலுக்குத் திங்கள், இடது காலுக்குச் செவ்வாய்
என்று பிரித்துப் பார்த்தேன்.
புதன்கிழமை இடது கால் முறைத்துக்கொண்டது,
செவ்வாயை நான் மறந்திருந்தேன்.

இப்போது வலது காலுக்கு இந்த முனை,
இடது காலுக்கு அந்த முனை.
நடுவில் இருபத்தெட்டு நிறுத்தங்கள்,
நதி, இரண்டு பாலங்கள், ஒரு சந்தை,
சீட்டு வாங்காத பையன்கள்.
ஊரின் நீளம் முழுக்க
என்னை இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
மணி அடிக்க வேண்டும். யாரோ ஓடி வருகிறார்கள்.
வரட்டும்.
முப்பது.