ஐந்தாவது டிக்கெட்

ஒன்பதரைக் காட்சிக்கு நாலு பேர்.
ஐந்து டிக்கெட் விற்றால்தான் விளக்கை அணைக்கலாம்,
வீ கியாட் போட்ட சட்டம்.
குளிர்சாதனம் ஒரு மணிக்கு எவ்வளவு தின்கிறதென்று
கல்லாப்பெட்டி மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்.
அவருடைய கைப்பேசி எண் எனக்கு மறந்துபோகும்,
அந்த எண் மறக்காது.

ஜாலான் புசார். ஆறாவது மாடி.
கீழே டயர் கடை. இடையில் பூட்டிய கதவுகள்.
மின்தூக்கியில் ஆறாம் எண் பொத்தான் கழன்றுபோய்
மூன்று மாதம்;
குழிக்குள் விரல் விட்டு அழுத்த வேண்டும்.
கூட்டு விற்பனைக்குப் போகிற கட்டடத்துக்குப்
பொத்தான் வாங்கித் தருவார் இல்லை.

எதிர்ச் சாலையில் பதினொரு திரை.
அங்கே நாற்காலி சாய்ந்து படுக்கும்,
கூப்பிட்டால் பொரித்த கோழி வரும்.
நானும் போவேன், பொய் சொல்வானேன்,
சம்பள நாளில்.

ஒரே சால்வைக்குள் இரண்டு தொடக்கக்கல்லூரிப் பெண்கள்.
என்ன படமென்று கேட்காமல் வியாழன்தோறும் வரும்
கப்பல் பட்டறைக் கணக்காளர் சேதுநாயகம்.
முன்வரிசையில், காலணியைக் கழற்றிவிட்டு, ஒரு பெண்மணி.
ஒன்பது நாற்பது.
திரையில் இன்னும் வெறும் வெள்ளை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு
நனைந்த பச்சைச் சட்டையில் ஒருவன்,
பையில் இரண்டு பபிள் டீ. ஹைருல் என்று சட்டையில் பெயர்.
மாடி மாறி வந்துவிட்டான்.
வாங்க வேண்டிய ஆள் கைப்பேசியை எடுக்கவில்லை.
பத்து நிமிடம் காத்திருக்கணும், அதுதான் விதி, என்றான்.
ஆளுக்கொரு சட்டம்.

"உள்ளே போய் உட்கார்."
என் பணப்பையிலிருந்து பன்னிரண்டு வெள்ளி எடுத்துக்
கல்லாவில் போட்டேன்.
ஐந்து.

பனி பெய்யும் ஏதோ ஓர் ஊர்.
ஒருத்தி தன் கோட்டிலிருந்து விழுந்த பொத்தானைத் தேடுகிறாள்.
தேடுகிறாள்.
பேச்சில்லை; எப்போதாவது
திரையின் அடியில் 'காற்று' என்று ஒரு வரி.
சின்னக் கண்ணாடி வழியே நான்
படத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.
மடியில் வைத்த பையிலிருந்து நீர் சொட்டிக்
காற்சட்டை நனைகிறது, அவன் அசையவில்லை.
கைப்பேசி மூன்று முறை ஒளிர்ந்தது.
நாலாவதற்கு எழுந்தான்.
போகிற போக்கில் ஒரு கோப்பையை என் மேசையில் வைத்து
"யாரும் வரலை" என்றான்.

பிறகு இரண்டு வியாழன்.
கட்டடக்காரரிடமிருந்து ஒரு கடிதம்.
மூன்றே பேர் வந்து, காசைத் திருப்பிக் கொடுத்து
அனுப்பிவிட்ட இரவு ஒன்று.

அதற்கடுத்த வியாழன், மழையும் இல்லை பையும் இல்லை,
மின்தூக்கியிலிருந்து அவன்.
"பொத்தான் கிடைச்சுதா?"
"எங்கே மாற்றினார்கள், குழிக்குள் விரலை விட்டுத்தான்..."
"அது இல்லை. அவளுக்கு."

சேதுநாயகம் வாயைத் திறந்தார். முறைத்தேன்.

"இன்றைக்கும் அதே படம்," என்றேன்.
"பன்னிரண்டு வெள்ளி."
உள்ளே நாலு பேர்.