கடைசிப் பெயர்

சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறது.
கடைசிப் பெயர் இல்லாமல் நகரமாட்டேன் என்கிறது பக்கம்.
எனக்கு இருப்பது செங்கமலம், முன்னால் ஒரு எம்.
எம் அடித்தேன். குறைந்தது இரண்டெழுத்து வேண்டுமாம்.
புள்ளி சேர்த்தேன். புள்ளி செல்லாதாம்.
அப்பாவை முழுசாக எழுதினேன்:
மாசிலாமணி.
நகர்ந்தது.

ஈஜிபுரா, இரண்டாம் மாடி, ராத்திரி பன்னிரண்டரை,
கீழே தண்ணீர் லாரி இரைகிறது.
பவ்யா கட்டிலில் படுத்தபடியே பாடம் எடுக்கிறாள்.
போட்டோவைத் தூக்கு. கட்டம், கலர், கோடு எல்லாம் தூக்கு.
இரண்டு பத்தியாகப் பிரித்தால் அது குறுக்கே படிக்கும்,
உன் காலேஜும் உன் பொழுதுபோக்கும் ஒரே வாக்கியமாகிவிடும்.
விளம்பரத்தில் அவன் சொன்ன சொல்லையே அவனுக்குத் திருப்பிச் சொல்.
டெஸ்டிங் என்று போடாதே,
குவாலிட்டி அஷ்யூரன்ஸ்.

போட்டேன்.
ஆறு வருஷம் அடுத்தவர் புரோகிராமில் ஓட்டை தேடியவள்
என் தாளில் கண்டது ஒன்றுதான்:
இருபத்தைந்து மாதம், வெற்று.

அங்கே என்ன எழுத?
ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரி, ஐந்தாம் கவுண்டர்,
டோக்கன், கிரியேட்டினின், வாரம் மூன்று நாள்,
நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கும் தேர்ச்சி.
கேட்டிருக்கும் சொற்களில் ஒன்றுகூட இல்லை.

வெள்ளையில் அடித்துவிடு என்றாள் பவ்யா,
மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, மெஷின் படிக்கும்.
அவள் சொன்னது கம்பெனி கேட்கும் சொற்களை.
நான் அடித்தது அந்த இருபத்தைந்து மாதத்தை,
வெள்ளைமேல் வெள்ளையாக,
படுக்கை எண் உட்பட.

அப்புறம் வந்ததெல்லாம் அவருக்குத்தான்.
அன்புள்ள மாசிலாமணி, வருந்துகிறோம்.
அன்புள்ள மாசிலாமணி, உங்கள் அனுபவம் பொருந்தவில்லை.
அனுப்பிய நாலாவது நிமிஷம்; ஒருமுறை
விடிகாலை இரண்டே காலுக்கு.

பீன்யாவில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர்
எவனிடமும் மனுப் போட்டதில்லை.
கேட்டில் நின்று யாரோ கைகாட்டினார்கள், உள்ளே போனார்.
இப்போது அவர் பேரில் முப்பத்தேழு மறுப்பு.
இருந்திருந்தால்,
"நான் எப்போ கேட்டேன் இவன்கிட்ட?" என்றிருப்பார்.

நேற்று முப்பத்தெட்டாவது.
வாழ்த்துகள் மாசிலாமணி.
திங்கள் பதினொரு மணி, பெல்லந்தூர்,
அடையாள அட்டையுடன் வரவும்.

எந்தச் சொல்லுக்குத் திறந்ததோ தெரியவில்லை.
நீலச் சுடிதாரை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.
சீட்டெழுதப் பேர் கேட்டான் பையன். சொன்னேன்.
"ஆம்பளைப் பேராச்சே அக்கா?"
திங்கட்கிழமை வரைக்கும்
என் பேர்தான், என்றேன்.