மணல் கழிவு

அம்புவும்பேயில் ஆறு மாதமாய் மழை இல்லை.
கள்ளி வேலிக்கு வெளியே
இலைமூட்டைகள் வரிசையில் நிற்கின்றன,
ஆட்கள் அவற்றின் நிழலில்.

ஈரப்பதம் அளக்க வந்தவன் நான்.
மூட்டைக்குள் கருவியின் முள்ளைச் செருகி
எண்ணைப் படிப்பதோடு என் வேலை முடிந்தது.
எடையும் விலையும் சியம்பேனாவின் பாடு.

சுவானவேலா இருட்டோடு கிளம்பி நடந்து வந்திருந்தாள்.
கடைவாயில் பச்சை. அதே செடியின் இலை.
மென்றால் பசி மரத்துப்போகும் என்றாள்,
துப்பிவிட்டு.

அவளுக்கு அது வுனெனினா.
என் மொழியில் அதற்கு இரண்டு பெயர்:
நித்தியகல்யாணி என்போம்,
அதே வாயால் சுடுகாட்டு மல்லி என்றும்.
எதைச் சொல்ல?
சொல்லவில்லை.

"இத்தனை இலையை என்ன செய்வீர்கள்?"

ரத்தத்தில் புற்று வந்த பிள்ளைகளுக்கு மருந்து என்றேன்.
அரைத்து, வடித்து, வடித்ததை மறுபடி வடித்து,
இந்த வரிசை முழுக்கக் கொட்டினாலும்
உப்புக்கல் அளவு தேறினால் பெரிது.
நிறையப் பேர் பிழைத்துவிடுகிறார்கள்.
மருந்து ஏறும் நாட்களில் மட்டும் சிலருக்கு
விரல்நுனி மரத்துப்போகும்,
சட்டைப் பொத்தான் போட வராது.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.
"அப்போது யார் போட்டுவிடுவார்கள்?"

இதுவரை என்னிடம்
யாரும் கேட்டதில்லை.

தராசு பதினெட்டு காட்டியது.
"மணலுக்கு இரண்டு கிலோ கழிவு" என்றான் சியம்பேனா,
தலை நிமிராமல், எல்லோரிடமும் சொல்வதுபோல.

"சரி. என் மணலைக் கொடு."

வரிசை சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில்,
மாட்டுக்கொம்புகளின் அடியில் உலர்த்திய இலை அது.
"இலையை விற்க வந்தேன்.
அவர் மண்ணைக் கப்பலேற்ற இல்லை."

மேலாடையை அவிழ்த்துத் தரையில் விரித்தாள்.
மூட்டையைப் பிரித்து
இலையை அள்ளி அள்ளி உதறினார்கள்.
வெயில் சரிந்தது.
துணியின் நடுவில் சேர்ந்த மணல்
ஒரு கை கொள்ளும்.
இன்னொரு கைக்கு இல்லை.

முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.
சியம்பேனா பேரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்,
பேனாவைத் தொடாமல்.

அவளுக்குப் பின்னால் நின்றவன்
ஒன்றும் பேசாமல்
தன் மூட்டையின் வாயை அவிழ்க்கத் தொடங்கினான்.

நான் முள்ளைத் துடைத்தேன்,
ஏற்கெனவே துடைத்திருந்த முள்ளை.