கழிவு

செவ்வாய் மாலை ஆறு மணி.
அம்கெனி சாலையில், டயர்க் கடைக்கு மேல் மாடியில்,
ஏழு பேர், நான்கு தையல் இயந்திரங்கள்,
ஒரு வெள்ளைப் பலகை.
அதில் நான் எழுதுவது அழகைப் பற்றி அல்ல.

துணி இரண்டரை மீட்டர்.
உள்துணி இரண்டு.
பொத்தான் ஆறு, ஏழாவது உபரி.
நூல், மின்சாரம், டாக்ஸிக் காசு.
வெட்டும்போது விழும் கழிவு:
நூற்றுக்குப் பதினைந்து என்று வையுங்கள்,
கை பழகாதவர்கள் இருபது.
(டில்லி வெட்டினால் ஆறு.)

எனக்கு இருபத்தொன்பது வயது.
என் சொந்த லேபிள் பதினான்கு மாதம் நின்றது.
"விற்றால் தருகிறோம்" என்று வாங்கிப்போன கடைகளில்
என் முப்பத்தெட்டு உடைகள் இன்னும் தொங்குகின்றன,
அல்லது தொங்கவில்லை.
இரண்டும் எனக்கு ஒரே கணக்குத்தான்.
அந்தக் கணக்கைச் சொல்லித்தரத்தான் இங்கே சம்பளம்.
தோற்றவளைத் தேடிப் பிடித்த புத்திசாலி யாரென்று
நான் விசாரிக்கவில்லை.

நோக்வாசி உம்லாசியிலிருந்து வருகிறாள்.
காற்றுப் பிடித்த பாய்போல் தோள்களை வரைவாள்;
விலை கேட்டால் தரையைப் பார்ப்பாள்.
பிரேஷன் இன்னும் ஒரு தையல் போடவில்லை,
லேபிளுக்கு மட்டும் பதினோரு பெயர் வைத்திருக்கிறான்.

திலகவதி நாயக்கர், சாட்ஸ்வொர்த், ஐம்பத்தொன்று.
எல்லாருக்கும் டில்லி.
இருபத்திரண்டு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில்
காலர் மட்டும் தைத்தவள்.
நாளைக்கு நானூறு.
கையை யார் வைத்தார்கள், எந்த ஊருக்குப் போனது,
ஒன்றும் தெரியாது.
காலருக்குக் கீழே ஓர் ஆள் இருப்பதையே
ஆலை மூடிய பிறகுதான் நினைத்தேன் என்றாள்.

தன் முதல் கோட்டின் கணக்கைப் பலகையில் போட்டாள்.
துணி. உள்துணி. பொத்தான் ஏழு.
கூட்டினால் நானூற்றுப் பன்னிரண்டு ராண்ட்.
"ஐந்நூறுக்குக் கொடுக்கலாம்."

"உங்கள் நேரம் எங்கே?"
"எந்த நேரம்?"
"பதினெட்டு மணி நேரம் தைத்தீர்களே."
"வீட்டில் சும்மாதானே இருந்தேன்."

அறை சிரித்தது.
நோக்வாசி சிரிக்கவில்லை;
நோட்டைப் பின்னால் புரட்டி
எதையோ அடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது விளக்கு போனது.
லோட் ஷெட்டிங், அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.
யாரும் எழுந்து போகவில்லை.
கைபேசி வெளிச்சங்களுக்கு நடுவே
டில்லி பலகைக்குத் திரும்பி
பொத்தானுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.
பெயருக்கு எதிரே ஓர் எண்.
அழித்தாள். சின்னதாக எழுதினாள்.
அதையும் அழித்தாள்.
மூன்றாவதை அழிக்கவில்லை.

நோக்வாசி இப்போதெல்லாம் விலை சொல்லும்போது
எதிரில் நிற்பவரின் நெற்றியைப் பார்க்கிறாள்.
கண் வரைக்கும் இன்னும் வரவில்லை.

ஜூன் கடைசி. குதிரைப் பந்தயத்துக்கு ஒன்பது நாள்;
டர்பன் முழுக்கத் தொப்பிக்கு அலையும் நேரம்.
எனக்கும் ஒரு கோட் வேண்டியிருந்தது.
டில்லிக்கு அளவை அனுப்பினேன், நிறத்தை அனுப்பினேன்,
கடைசியில் லேசாக,
"எனக்கு எவ்வளவு குறைப்பீர்கள்?"

பதில் வர நாற்பது நிமிடம்.
ஆயிரத்து நானூற்றைம்பது. பாதி முன்பணம்.
பணம் வந்தபின் துணி வெட்டப்படும்.
அவசரக் கூலி தனி.
கழிவு இல்லை.

கோபம் வந்தது, மறைப்பதற்கில்லை.
தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.
என் முப்பத்தெட்டு உடைகளில் ஒன்றுக்காவது
இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேனா என்று
யோசித்துக்கொண்டே
முன்பணத்தை அனுப்பினேன்.

கோட் வந்தது.
தோள் சரி, இடுப்பு கொஞ்சம் தாராளம்.
காலரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது,
கழுத்தைத் திருப்பினால் அதுவும் கூடத் திரும்புகிறது.

பையின் அடியில் சின்னப் பொட்டலம்:
ஏழாவது பொத்தான்.
ரசீதில் அதற்கும் விலை போட்டிருந்தாள்,
இரண்டு ராண்ட் ஐம்பது.