துணைக்கால்

சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு வந்தவன்
முதலில் கேட்டது
ஏணி இருக்கிறதா என்று.
இருந்தது. இந்தச் சுவரைப் பூசும்போது
நான் வாங்கிப்போட்டதுதான்.
பிடித்துக்கொள்ளவும் நானே போனேன்,
ஒரு காலை ஊன்றி
இன்னொன்றை ஊன்றுவதுபோல் வைத்து.

பர்கூர் சிப்காட்டில் கிரானைட் பலகை சரிந்த அன்று
முப்பத்தொரு தவணை கட்டியிருந்தேன்.
மீதி நூற்று நாற்பத்தொன்பது.
முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.
சம்பாதிக்கும் திறனில் ஐம்பது சதவீதம் போயிற்று என்று
மெடிக்கல் போர்டு கணக்குப் போட்டது.
கடனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று
யாரும் போடவில்லை.

மாதம் ஏழாயிரத்து முந்நூற்று எண்பது
ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வருகிறது,
பத்தாம் தேதி வாக்கில்.
தவணை ஒன்பதாயிரத்து நானூற்று அறுபது,
ஐந்தாம் தேதி.
அதற்கு வாக்கில் எல்லாம் கிடையாது.
பணமில்லாத கணக்கைத் தட்டிப் பார்த்ததற்கு
ஒவ்வொரு முறையும் ஐந்நூற்றுத் தொண்ணூறு அபராதம்.
இல்லாததற்கு இவ்வளவு விலை என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

தேதியை மாற்றித் தரச் சொல்லி
கிருஷ்ணகிரி கிளைக்கு நான்கு முறை போனேன்.
ஆபீஸ் மாடியில். இருபத்திரண்டு படி.
"சிஸ்டம் எடுக்காது சார்" என்றாள் அந்தப் பெண்,
பாவம், தன் நாற்காலியையே எனக்கு இழுத்துப்போட்டு
நின்றுகொண்டு.

லோகநாயகி மாங்கூழ் கம்பெனிக்குப் போனாள்.
போன வருஷம் பெங்களூரா வந்து குவிந்தது.
பால் பட்டுக் கையெல்லாம் புண்,
ஆனால் மூன்று தவணை.
இந்த வருஷம் பூவிலேயே கருகியதில்
பத்தொன்பது நாள்தான் மிஷின் ஓடியது.
கம்மலை அடகு வைத்தோம்,
அடமானத்தில் இருப்பதைக் காப்பாற்ற.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவின்
சீல் குத்திய ரசீது
அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
அதற்கு மேலே, அறுபது நாள் கெடு வைத்த நோட்டீஸ்.

எழுதியவன் இறங்கித் தள்ளி நின்று பார்த்தான்.
கம்பெனி ஆள் மாதேஷ் போனில் படம் எடுத்தான்.
அந்த நேரம் பார்த்து ஹேமாவதி
புத்தகப் பையோடு வந்துவிட்டாள்.
நாலாவது படிக்கிறாள்,
கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படிக்கும் வயசு.

"இந்த வீடு அட மனத்தில் உள்ளது."

ஒரு கால் விட்டுப்போயிருந்தது.

லோகநாயகி சிரித்துவிட்டாள்,
எத்தனையோ நாளுக்குப் பிறகு, வராத நேரத்தில்.
மாதேஷுக்கும் வந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு
வண்டியை உதைத்தான்.

படம் எங்கோ தலைமை ஆபீசுக்குப் போய்
ராத்திரியே திரும்பியிருக்க வேண்டும்.
காலை எட்டு மணிக்கு அதே ஆள் வாசலில்.
"கால் போடணும்ணே."

எனக்குக் கால் போடப் பதினோரு மாதம் ஆயிற்று,
அளவு கொடுக்க சென்னைக்கு ஐந்து முறை போய்.
சொல்லுக்கு ஒரே ராத்திரி.

இடமில்லை. நெருக்கி, சற்றுச் சாய்த்து,
ம-வின் பக்கத்தில் ஒல்லியாக ஒன்றை நிறுத்தினான்.
என்னுடையதைப் போலத்தான்.
இருக்கிறது,
பிறகு வைத்தது என்று தெரிகிறது.

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவரைத் தடவினான்.
"நல்ல பூச்சுண்ணே. பெயிண்ட் வழியவே இல்ல பாருங்க.
எத்தனை நாள் தண்ணி விட்டீங்க?"
இருபத்தொரு நாள், என்றேன்.
ஷிப்டுக்கு முன்னால் ஒரு தரம்,
வந்து ஒரு தரம்.
அவன் தலையாட்டினான், தொழில் தெரிந்தவன்.

அன்றிரவு வீடு முழுக்க பெயிண்ட் வாசனை.
கிரகப்பிரவேசத்தன்று, சாமான் எதுவும் வராத அறையில்
மூவரும் பாயில் படுத்திருந்தோமே,
அதே வாசனை.
அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.
ஜன்னலைத் திறக்கவா, என்று கேட்டாள்.

இருக்கட்டும் என்றேன்.
கொஞ்ச நேரம் போகட்டும்.